படகைப் பூட்டியவர்

கடைத்தெரு மூலையில், செருப்புக் கடைக்கும் மருந்துக் கடைக்கும் நடுவே, ஒரு ஆள் உட்கார்ந்தாலே நிறைந்துவிடும் அறை ஒன்று இருக்கிறது. அதுதான் பூட்டுக்காரரின் கடை. சுவர் முழுக்க ஆணிகளில் வெட்டாத சாவிகள் தொங்கும். தெருவில் லாரி போனால் அத்தனையும் சேர்ந்து சலசலக்கும். அப்போது மட்டும் அவர் தலை நிமிர்வார். மற்ற நேரமெல்லாம் கண் அரத்தின் மேலேயே இருக்கும்.

அவர் கை சுத்தமான கை என்று ஊரே சொல்லும். மனசுதான் எப்போதும் படபடவென்று அடித்துக்கொள்ளும். அவரைக் குற்றம் சொல்லவும் முடியாது. பூட்டு நன்றாக இருக்கிற வீட்டிலிருந்து யாரும் பூட்டுக்காரரைத் தேடி வருவதில்லை. சாவியைத் தொலைத்தவர்கள், குழந்தையை உள்ளே வைத்துக் கதவு சாத்திக்கொண்டவர்கள், திருட்டுக் கொடுத்துவிட்டு நிற்பவர்கள்தான் வருவார்கள். எல்லோரும் ஒரே மாதிரிதான் சொல்வார்கள்: "இப்படி ஆகும்னு நினைக்கவே இல்லைங்க." அதைக் கேட்டுக் கேட்டு, ஆகக்கூடியதை எல்லாம் முன்னாலேயே நினைத்து வைத்துவிட வேண்டும் என்று அவர் முடிவு செய்துவிட்டார். அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்பி வருவார். திரும்பி வந்தபோது கதவைப் பூட்டினோமா என்று மறுபடியும் திரும்புவார்.

அவருக்கு ஒரே மகள். ஆற்றங்கரையில் இருக்கும் நகரத்தில் ஒரு பஸ் டிரைவரைத் தானே பார்த்துக் கல்யாணம் செய்துகொண்டு போனாள். அங்கே வாடகைக்கு எடுத்த வீட்டை அப்பாவும் அம்மாவும் வந்து பார்க்க வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். பெரிய பாலத்தைப் பழுது பார்க்கிறார்கள் என்று சாலையை மூடியிருந்தார்கள். பஸ் சுற்றிக்கொண்டு போய்ச் சேரவே ஒரு பகல் ஆகும். ராத்திரி வீட்டைக் காலியாக விட்டுவிட்டுப் போவதைப் பூட்டுக்காரரால் நினைத்துப் பார்க்கவே முடியாது. ஆற்று வழியாகப் போனால் காலையில் கிளம்பிச் சாயங்காலம் திரும்பிவிடலாம். மனைவியின் தம்பியிடம் ஒரு சின்ன மோட்டார் படகு இருந்தது. சுவருக்குப் பெயிண்ட் அடிப்பது அவன் தொழில். லீவு நாளில் மீன் பிடிக்கவென்று அதை வாங்கிப் போட்டிருந்தான்.

வழி இருக்கிறது, படகும் இருக்கிறது, பின்னே என்ன? பூட்டுக்காரருக்குத் தண்ணீர் என்றால் பயம். அது யாருக்கும் தெரியாது. பாலத்தில் பஸ் போகும்போது தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வார். அதைத் தூக்கம் என்றே மனைவியும் நம்பியிருந்தாள்.

முதல் தடவை மேகம் கறுத்திருக்கிறது என்று சொல்லிப் பயணத்தை நிறுத்தினார். அடுத்த தடவை மனைவிக்குக் காய்ச்சல் என்றார். அதற்கு அடுத்த வாரம் மகள் போன் செய்தாள். குரலில் சிரிப்பே இல்லை.

"அப்பா, அம்மாவுக்குக் காய்ச்சல்னீங்க. அம்மாவைக் கேட்டா, தும்மினேன்டீன்னு சொல்றாங்க. அவரை உங்களுக்குப் பிடிக்கலைன்னா நேரா சொல்லிடுங்கப்பா. சாக்கு சொல்லாதீங்க."

"அய்யோ, அப்படியெல்லாம் இல்லம்மா..."

"வர்ற ஞாயித்துக்கிழமை வாங்க. வரலைன்னா நான் இனிமே கூப்பிடவே மாட்டேன். அவ்வளவுதான்."

மருமகனை அவருக்குப் பிடிக்காமல் இல்லை. கல்யாணத்தன்று ஒருமுறை பார்த்ததுதான். அமைதியான பையன், சாப்பிட்ட தட்டைத் தானே எடுத்துக்கொண்டு போனான். அவனைப் பிடிக்கும் என்று மகளிடம் சொல்லலாம்தான். அப்புறம் ஏன் வரவில்லை என்று கேட்பாளே? தலை நரைத்த மனுஷன், தண்ணீரைக் கண்டால் கால் நடுங்குகிறது என்று மருமகன் காதில் விழும்படி எப்படிச் சொல்வது?

ஆகவே அவர் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். திட்டம் போட்டார். கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் காற்றைப் பற்றி விசாரித்தார். வீட்டுக்கு வந்து கூடத்துத் தரையில் சாக்பீஸால் பெரிய கோடு போட்டார்.

"இது என்னங்க, கத்திரிக்காயா?" என்று கேட்டாள் மனைவி.

"படகு. நீ இங்க உக்காரு. நான் இங்க. எடை சமமா இருக்கணும்."

"எடையைப் பத்தி மட்டும் எங்கிட்ட பேசாதீங்க."

அந்த நேரம் பார்த்துத்தான் பெயிண்டர் உள்ளே வந்தான். கோட்டைப் பார்த்தான், கோட்டுக்குள் சம்மணம் போட்டிருக்கும் அக்காவின் புருஷனைப் பார்த்தான். கத்திரிக்காயின் வால் பக்கம் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, "டுர்ர்ர்..." என்றான்.

"விளையாடாத மச்சான். ஏறும்போது எந்தக் காலை முதல்ல வைக்கணும்?"

"உங்க காலை வைங்க மாமா. அடுத்தவன் காலை வைக்காதீங்க."

மனைவி சிரித்துச் சிரித்துக் கோட்டைத் தாண்டி விழுந்தாள். "அய்யோ, அக்கா ஆத்துல விழுந்துட்டா!" என்று பெயிண்டர் கத்தினான். பூட்டுக்காரருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. விழுந்தால் யார் பிடிப்பது என்று கேட்டார். "சாப்பாடு ஆயிடுச்சு, கரைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டு மனைவி எழுந்து போனாள்.

சாப்பிடும்போது பெயிண்டர் நிதானமாக விளக்கினான். கடல் பக்கத்திலேயே இருப்பதால் அந்த ஆறு தினமும் ஏறும், இறங்கும். ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்ணீர் ஏறி நகரத்துப் பக்கம் தள்ளும். மத்தியானத்துக்கு மேல் இறங்கி, இவர்களைத் திரும்பக் கொண்டுவந்து விடும். "ஆறே போக வர டிக்கெட் குடுக்குது மாமா. ஆனா காலையில லேட் பண்ணக் கூடாது. எதிர்த்தண்ணியில என் மோட்டாரு நாக்குத் தள்ளிடும்."

சனிக்கிழமை சாயங்காலம் பூட்டுக்காரர் சீக்கிரமே கடையைச் சாத்திவிட்டுப் படகுத்துறைக்குப் போனார். படகைக் கண்ணால் ஒருமுறை பார்த்து வைத்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். தண்ணீர் நன்றாக இறங்கியிருந்தது. கல் படிகளின் அடியில் படகு மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. மேலே ஒரு மரக்கட்டையில் தொளதொளவென்று கயிறு கட்டியிருந்தது. அவ்வளவுதான்.

அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. கயிறா? ஒரு பேனாக்கத்தி போதுமே! யாராவது ஓட்டிக்கொண்டு போய்விட்டால், நாளைக்கு மகளிடம் படகு திருடு போய்விட்டது என்று சொன்னால், அவள் நம்புவாளா?

கடைக்கு ஓடினார். ஒரு இரும்புச் சங்கிலியையும், தன் வீட்டுப் பின்கட்டுக் கதவுக்கென்று தானே செய்த பூட்டையும் எடுத்து வந்தார். அந்தப் பூட்டில் சாவியைப் போட்டால் மட்டும் திறக்காது. அழுத்தி, பின்பக்கம் அரைச் சுற்றுச் சுற்றி, லேசாகத் தூக்கினால்தான் திறக்கும். மேலே இருந்த மரக்கட்டை பழசு, நம்ப முடியாது. கடைசிப் படியில், கல்லில் ஈயம் ஊற்றிப் பதித்த ஒரு இரும்பு வளையம் இருந்தது. ஈரத்தில் நின்றபடி, பல்லைக் கடித்துக்கொண்டு, படகின் மூக்கையும் அந்த வளையத்தையும் சேர்த்துச் சங்கிலியைச் சுற்றினார். அவர் தொழிலில் ஒரு பாடம் உண்டு. சங்கிலியில் தளர்வு இருந்தால் அதற்குள் கடப்பாரை நுழையும். அதனால் இழுத்து, ஒரு விரல் கூட நுழையாதபடி இறுக்கிப் பூட்டினார். இழுத்தும் பார்த்தார். அசையவில்லை. அந்த வாரம் முழுக்க இல்லாத நிம்மதியோடு வீட்டுக்குப் போனார்.

காலையில் துறைக்கு வந்தபோது, அக்காவின் கையிலிருந்த பையை வாங்கக் கை நீட்டிய பெயிண்டர் அப்படியே நின்றுவிட்டான். தண்ணீர் ஏறியிருந்தது. படகும் கூடவே ஏறப் பார்த்திருக்கிறது. அதன் மூக்கைத்தான் ஏதோ பிடித்து வைத்திருக்கிறதே! முன்பக்கம் முழுகி, பின்பக்கம் மோட்டாரோடு மேலே தூக்கிக்கொண்டு, இரை தேடும் வாத்து மாதிரி நின்றது படகு.

"எந்தப் படுபாவிடா இந்த வேலையைப் பார்த்தது?" என்று பெயிண்டர் ஆற்றைப் பார்த்துக் கத்தினான்.

"நான்தான்" என்றார் பூட்டுக்காரர்.

"என்னது?"

"திருட்டுப் போயிடுமோன்னு..."

"மாமா! அது என்ன சைக்கிளா? தண்ணி ஏறினா படகும் ஏறணும்ல!"

ஆகக்கூடியதை எல்லாம் நினைத்தவர், ஆறு ஏறும் என்பதை நினைக்கவில்லை. அதுவும் சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் உட்காரவைத்துச் சொன்ன பிறகும்.

"சங்கிலியை அறுத்துடலாமா?" என்று மனைவி கேட்டாள்.

"அறுக்க முடியாது. அறுக்க முடியாத மாதிரிதான் போட்டிருக்கேன்." அந்த நேரத்திலும் அவர் குரலில் துளி கர்வம் இருந்தது.

பெயிண்டர் சாவியைப் பிடுங்கிக்கொண்டு குதித்தான். உள்ளே போய், கொஞ்ச நேரத்தில் தலையை நீட்டி, "சுத்தவே மாட்டேங்குது" என்றான்.

"அழுத்திட்டுப் பின்பக்கமா அரைச் சுத்து. அப்புறம் லேசா தூக்கணும். ரொம்பத் தூக்கக் கூடாது."

மறுபடி முழுகினான், மறுபடி வந்தான். "மூச்சு முடியறதுக்குள்ள இவ்வளவு சடங்கும் பண்ண முடியாது மாமா. தண்ணி இறங்கட்டும், பாத்துக்கலாம்."

தண்ணீர் இறங்க மத்தியானம் தாண்டிவிடும். அப்புறம் எங்கே போவது? அவர் யோசித்துக்கொண்டிருக்கும்போதே போன் அடித்தது.

"கிளம்பிட்டீங்களாப்பா?"

"அது வந்தும்மா... படகு தண்ணியில..."

"படகு தண்ணியிலதான்பா இருக்கும்."

"இல்லம்மா, தண்ணிக்குள்ள."

"மழை, தும்மல், இப்போ இது. சரிப்பா. புரிஞ்சுது. வச்சிடறேன்" என்றாள். இணைப்பு அறுந்தது.

பூட்டுக்காரர் போனையும் கைக்கடிகாரத்தையும் மனைவியிடம் கொடுத்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். "சாவியைக் குடு மச்சான்" என்றார்.

"ஏங்க, உங்களுக்கு நீச்சல் தெரியாதே!" என்றாள் மனைவி.

"நீந்தப் போகல. பூட்டுத் திறக்கப் போறேன்."

படிகளில் பாசி வழுக்கியது. ஒவ்வொரு படியிலும் தண்ணீர் மேலே வந்தது. முழங்கால், இடுப்பு, நெஞ்சு. நெஞ்சுக்கு வந்ததும் மூச்சு தானாகவே நின்றுவிட்டது. "பின்னாடி பிடிச்சுக்கோடா" என்றார். குரல் கீச்சென்று வந்தது. பெயிண்டர் அவர் இடுப்பு பெல்ட்டை இறுகப் பிடித்துக்கொண்டான். அந்தக் கீச்சுக் குரலைக் கேட்டபோது அவனுக்குக் கேலி செய்யத் தோன்றவில்லை.

முதல் தடவை முழுகியதும் காதுக்குள் ஆறு முழுக்கப் புகுந்த மாதிரி இருந்தது. சங்கிலியைத் தொடுவதற்குள் எகிறி வெளியே வந்தார். இருமினார், துப்பினார். மேலே ஏறி ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. ஏறவில்லை. மறுபடி குனிந்தார். இந்தத் தடவை கண்ணை இறுக மூடிக்கொண்டார். விரல்கள் சங்கிலியைப் பிடித்து, பூட்டைப் பிடித்து, துவாரத்தைத் தேடிப் பிடித்தன. அழுத்தினார், அரைச் சுற்றுச் சுற்றினார், தூக்கினார்.

படகின் மூக்கு விருட்டென்று எழும்பி அவர் தோளில் இடித்தது.

வாளி ஒன்றும், சாப்பாடு கொண்டுவந்த பாத்திரத்தின் மூடி ஒன்றுமாக மூன்று பேரும் தண்ணீரை இறைத்தார்கள். மோட்டார் மேலேயே இருந்ததால் நனையவில்லை. நேரம்தான் போய்விட்டது. பெயிண்டர் ஆற்றைப் பார்த்தான்.

"இன்னும் கொஞ்சம்தான் ஏறும். பாதி வழியில திரும்பிடும். வேணாம்னா சொல்லுங்க மாமா. இந்தத் தடவை சாக்கு தேட வேண்டியதில்ல. நிஜமாவே காரணம் இருக்கு."

உண்மைதான். யாரிடம் வேண்டுமானாலும் சொல்லக்கூடிய காரணம். மகளைத் தவிர.

"ஏறு" என்றார் பூட்டுக்காரர்.

ஆறு அகலமாகிக்கொண்டே போனது. அவர் பலகையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மச்சானின் பெயிண்ட் தெறித்த செருப்பை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தார். அதிலிருந்த நீலப் புள்ளி ஒவ்வொன்றும் அவருக்கு மனப்பாடம் ஆனது. ஒரு திருப்பத்துக்கு அப்பால் படகின் வேகம் குறைந்தது. தண்ணீர் திரும்பிவிட்டது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. மோட்டார் இரைந்தது, இருமியது, மறுபடி இரைந்தது. தூரத்தில் நகரத்தின் மாடிக் கட்டடங்கள் தெரிந்தன. எத்தனை நேரம் பார்த்தாலும் அதே இடத்தில் நின்றன. நின்றுவிடாதே, நின்றுவிடாதே என்று அவர் மோட்டாருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தார். மனைவி அவர் முகத்தைப் பார்த்தாள். ஏதோ புரிந்த மாதிரி நகர்ந்து வந்து ஒட்டி உட்கார்ந்தாள். எடை ஒரு பக்கம் சாயுமே என்று அவர் சொல்லவில்லை.

நகரத்துத் துறையின் படிகளில் கைலியோடு மருமகன் நின்றிருந்தான். எதற்கும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று வந்திருப்பான் போல. மகள் மேல்படியில் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். இறங்கி வரவில்லை.

படகு படியில் முட்டி விலகியது. படகுக்கும் படிக்கும் நடுவே கறுப்பாகத் தண்ணீர் திறந்துகொண்டது. பூட்டுக்காரர் எழுந்து நின்றார். கால் நகரவில்லை.

"கையைக் குடுங்க மாமா" என்றான் மருமகன்.

அவர் அந்தக் கையை இரண்டு கையாலும் கவ்விக்கொண்டார். நகம் பதியும் அளவுக்குப் பிடித்தார். கல்லுக்கு வந்தாயிற்று. விடவில்லை. படி ஏறினார்கள். ஈரச் சட்டை முதுகில் ஒட்டியிருக்க, பக்கவாட்டில் ஆற்றைப் பார்க்காமல், மருமகனின் மணிக்கட்டை மட்டும் பார்த்துக்கொண்டு ஏறினார்.

"மேல வந்துட்டோம் மாமா" என்றான் அவன் மெதுவாக.

"தெரியுது மாப்ள."

மகள் அந்தக் கையைப் பார்த்தாள். மேலே வந்த பிறகும் அப்பா ஆற்றுப் பக்கம் முகத்தைத் திருப்பாமல் நிற்பதைப் பார்த்தாள். கட்டியிருந்த அவள் கைகள் தாமாக அவிழ்ந்தன.

"அப்பா... உங்களுக்குத் தண்ணின்னா பயமா?"

"ரொம்பம்மா."

"அதை எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"மாப்ளைக்குத் தெரிஞ்சா என்னம்மா நினைப்பாரு?" என்றார் அவர், மருமகனின் கையை இன்னமும் விடாமல்.