பின்னால் தட்டுவதற்கு ஆள் இல்லை

பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டிய அந்தப் பெண்மணியைத் தெருவில் பெரியவர், சிறியவர் என்று பார்க்காமல் எல்லோரும் பஸ்ஸக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வளைவில் அவள் வண்டியைத் திருப்பினால் பின் சீட்டில் தூங்கும் பிள்ளை கண் விழிக்காது. ஓய்வு பெற்ற மறுவாரமே அவள் அண்ணனிடம் சொல்லிவிட்டாள்.

"ஒரு வீட்டு வண்டி வாங்கப் போறேண்ணே. படுக்கை, அடுப்பு எல்லாம் உள்ளேயே இருக்கிற மாதிரி. தனியா ஊரைச் சுத்தப் போறேன்."

"தனியாவா?"

"காலம் பூரா முதுகுக்குப் பின்னால சத்தத்தோடயே ஓட்டிட்டேன். கொஞ்ச நாள் சத்தமில்லாம ஓட்டிப் பாக்கணும்."

அண்ணனுக்கு இரும்புச் சாமான் கடையில் வேலை. அளந்து பார்க்காமல் செருப்புகூட வாங்காதவர். அன்று மாலையே டேப்பை எடுத்துக்கொண்டு போய் வீட்டுக்குப் பக்கத்துச் சந்தின் நீள அகலத்தை அளந்தார். எவ்வளவு பெரிய வண்டி நிற்கும் என்று சுவரில் சாக்பீஸால் கோடும் போட்டார். முடிவெட்டும் கடைவரை செய்தியும் பரப்பியாகிவிட்டது. "என் தங்கச்சி எடுத்தா இருக்கிறதுலேயே பெரிசாத்தான் எடுப்பா. பஸ் ஓட்டினவளுக்கு இதெல்லாம் சுண்டைக்காய்." அவளும் மறுக்கவில்லை. உள்ளுக்குள் அவளுக்கும் அதே நினைப்புதான்.

விற்பனைக்காரர் தன் வண்டிகளை ஒரு பெரிய மைதானத்தில் வரிசையாக நிறுத்தியிருந்தார். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப் போகும் கேரவனைக் காட்டினார். பிறகு, ஒரு ஆள் படுத்தால் நிறைந்துவிடும் சின்ன வேன் ஒன்றைக் காட்டினார்.

"தனியாப் போறவங்களுக்கு இதுவே போதும்மா. சந்து பொந்து எங்கேயும் நுழையும்."

"காலை நீட்டினா கதவைத் திறந்து வைக்கணும் போலிருக்கே" என்று சிரித்த அண்ணன், மூலையில் நின்ற பெரியதைக் காட்டினார். ஓட்டுநர் தலைக்கு மேலே ஒரு படுக்கை, பின்னால் ஒரு படுக்கை, குளியலறை. "அதைக் காட்டுங்க."

பஸ்ஸக்கா ஏறி உட்கார்ந்தாள். மைதானத்தை ஒரு சுற்று சுற்றி வந்தாள். விற்பனைக்காரர் புருவத்தை உயர்த்தினார். தானே ஓட்டியதுபோல் அண்ணன் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டார்.

"பிரமாதம்மா. அப்படியே பின்னால எடுத்து அந்தக் கொட்டகைக்குள்ள விட்டுடுங்க."

அவள் ரிவர்ஸ் போட்டாள். போட்டுவிட்டுக் காத்திருந்தாள்.

எதற்குக் காத்திருக்கிறோம் என்று அவளுக்கே சட்டென்று புரியவில்லை. பேருந்தைப் பின்னால் எடுக்கும்போதெல்லாம் பிள்ளைகளை ஏற்றி இறக்கிக் கதவைப் பார்த்துக்கொள்ளும் அம்மாள் இறங்கிப்போய்ப் பின்பக்கத் தகரத்தில் தட்டுவாள். இரண்டு தட்டு என்றால் வரலாம், ஒரு தட்டு என்றால் நில். காலையும் மாலையும் அந்தத் தட்டல் கேட்டுத்தான் பஸ்ஸக்காவின் கால் அசைந்தது. கண்ணாடியைப் பார்த்து அவள் தனியாகப் பேருந்தைப் பின்னால் எடுத்ததே இல்லை. எடுக்க வேண்டியும் வரவில்லை. பின்னால் யாராவது நிற்பது காற்று மாதிரி எப்போதும் இருந்தது.

இப்போது தகரம் பேசவில்லை. திரையில் தெரிந்த கேமரா படத்தில் கொட்டகைத் தூண் பக்கமா தூரமா என்று பிடிபடவில்லை. இறங்கிப்போய்ப் பார்த்தாள், ஏறினாள். மறுபடி இறங்கினாள். விற்பனைக்காரர் பார்வையை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அந்த மரியாதைதான் அவளைச் சுட்டது. வருவது வரட்டும் என்று காலை அழுத்தினாள். கொட்டகைத் தூணில் வண்டியின் பின்பக்க ஏணி மோதி வளைந்தது.

அண்ணன் ஓடி வந்தார். "என் தப்புங்க. நான்தான் வா வான்னு சொல்லிட்டேன்."

அவர் அதுவரை வண்டிக்கு முன்னால், கையைப் பைக்குள் விட்டுக்கொண்டு நின்றிருந்தவர். வாயையே திறக்கவில்லை. அவளுக்கு அது தெரியும். விற்பனைக்காரருக்கும் தெரிந்திருக்கும். ஆனாலும் அவள் தலை குனிந்தபடி சும்மா இருந்துவிட்டாள். ஏணியை நிமிர்த்த ஆள் வந்து, சுத்தியல் சத்தம் கேட்கத் தொடங்கியது. மோதியதைவிட, அண்ணன் பொய்க்குப் பின்னால் ஒளிந்து நிற்பதுதான் கேவலமாக இருந்தது.

"அவர் ஒண்ணும் சொல்லலைங்க" என்றாள் கடைசியில். "பின்னால ஆள் இல்லாம எனக்கு எடுக்கத் தெரியாது. பஸ்ஸையும் அப்படித்தான் ஓட்டினேன்."

அண்ணன் தரையைப் பார்த்தார்.

"இதை எடுத்தா, போற இடமெல்லாம் ஒரு ஆளைத் தேடணும். அப்புறம் தனியாப் போறதுல என்ன இருக்கு? அந்தச் சின்னதைக் கொடுங்க."

வேனைப் பின்னால் எடுத்தபோது கோணலாகத்தான் போனது. வெளியே எடுத்தாள், மறுபடி விட்டாள். தூரத்தில் நின்ற அண்ணனின் கை தானாக மேலே எழுந்தது. அவர் அதை மறு கையால் பிடித்துக்கொண்டார்.

வேனோடு அவர்கள் தெருவுக்குள் நுழைந்ததும் எதிர்வீட்டுக்காரர் வாசலுக்கே வந்துவிட்டார்.

"என்ன பஸ்ஸக்கா, பஸ் குட்டி போட்டிருச்சா? பெரிசுன்னுல்ல உங்கண்ணன் சொன்னாரு?"

அண்ணன் தொண்டையைச் செருமினார். "அது வந்து, டீசல் செலவு..."

"இல்லைங்க" என்றாள் அவள். "பெரிசை என்னால தனியாப் பின்னால எடுக்க முடியல. இடிச்சிட்டேன்."

எதிர்வீட்டுக்காரர் சிரிக்கலாமா வேண்டாமா என்று தெரியாமல் நின்றார்.

"அண்ணே, நீ உள்ளே போ."

அவர் போனார். ஆனால் ஜன்னல் திரை லேசாக விலகியது. சுவரில் அவர் போட்ட கோட்டில் பாதியைக்கூட எட்டாத அந்த வண்டியை அவள் கண்ணாடியைப் பார்த்துப் பார்த்துச் சந்துக்குள் விட்டாள். பாதியில் நிறுத்தினாள். இறங்கிப் பின்னால் போய்ப் பார்த்தாள். எதிர்வீட்டுக்காரர் இன்னும் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தார். அவரைக் கூப்பிடாமல் திரும்பி வந்து ஏறினாள்.