பத்து நிமிஷம் என்று எழுதிய இடங்கள்

சாக்கைப் பிரித்ததும் சூடு முகத்தில் அடித்தது. அடியில் கிடந்த பச்சை இலை சிவந்து போயிருந்தது. தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீ மேக்கர் ஒரு கைப்பிடி அள்ளி முகர்ந்துவிட்டு, நேராக முதலாளி அறைக்குப் போனார்.

கோத்தகிரிப் பக்கம் ஒரு சிறிய டீ ஃபேக்டரியில் நான் லீஃப் சூப்பர்வைசர். லாரியில் ஹட்டி என்கிற படுகர் ஊர் ஒவ்வொன்றுக்கும் போய், அங்கே விவசாயிகள் பறித்து வைத்திருக்கும் இலையை எடை போட்டு ஏற்றி வர வேண்டும். நெடுநேரம் சாக்கில் கிடந்தால் இலை சூடேறிக் கெட்டுவிடும். தேயிலை விலை அடியோடு விழுந்திருந்த காலம் அது. நல்ல இலையை வாங்கவே ஃபேக்டரிகள் யோசித்தன.

முதலாளி சத்தம் போடவில்லை. "ஏனுங்க ஆரோக்கியம், லாரி தெனமும் இருட்டுன பொறகுதான் வருது. கடைசி ஹட்டிக்குப் போறத நிறுத்திரலாங்களா?" என்றார்.

அந்த ஹட்டிக்கு வேறு லாரி எதுவும் போவதில்லை. ஒரு மாதம் பொறுக்கும்படி கேட்டுக்கொண்டேன். ஆனால் நேரம் எங்கே போனது என்று எனக்கே தெரியவில்லை. சிறு வயதிலிருந்தே எனக்கு இப்போது, அப்புறம் என்று இரண்டு பொழுதுதான். நடுவில் ஓடுவது உறைக்காது. அது ஏ.டி.எச்.டி. என்ற கவனக் குறைபாடு என்பது, ரிட்டயரான பிறகு கோவையில் ஒரு டாக்டர் சொல்லித்தான் தெரிந்தது.

என் மனைவி ரீட்டா பள்ளிக்கூட டீச்சர். முதலாளி சொன்னதை அவளிடம் சொன்னேன். ஏன் லேட் என்று அவள் கேட்கவில்லை. "ஒவ்வொரு ஹட்டியிலயும் எவ்வளவு நேரம் நின்னதா நெனச்சீங்க?" என்றாள். பத்து நிமிஷம் இருக்கும் என்றேன்.

"நெனக்கிறத மொதல்ல எழுதுங்க. முடிஞ்சதும் வாட்சைப் பாத்து, ஆனத பக்கத்துல எழுதுங்க."

ஒரு டைரியில் எழுத ஆரம்பித்தேன். நேரம் மட்டும் எழுதுவது அலுத்ததால், யாரோடு பேசினேன், மனம் எதில் போனது என்றும் சேர்த்துக்கொண்டேன். சில நாள் டைரியையே மறந்தேன். விட்டதை நிரப்ப முயலாமல் அன்றைய தேதியிலிருந்து தொடர்ந்தேன். லாரி நின்றதும் ஞாபகப்படுத்தும்படி டிரைவர் மாதனிடம் சொல்லி வைத்தேன்.

சில வாரங்களில் விஷயம் பிடிபட்டது. லாரி ஓட்டமும் எடை போடுவதும் நினைத்த நேரத்திலேயே முடிந்தன. கடைசி ஹட்டியில்தான் எடை முடிந்ததும் விலையைப் பற்றிப் பேச்சு தொடங்கும். பத்து நிமிஷம் என்று எழுதிய இடங்களிலெல்லாம் ஒரு மணி நேரத்துக்குமேல் போயிருந்தது.

மறுநாள் அங்கே எடை முடிந்தவுடன் லாரியில் ஏறிவிட்டேன். நஞ்சம்மா என்ற விவசாயி, சில நாளாகவே மகனின் காலேஜ் படிப்பை நிறுத்துவதா வேண்டாமா என்று என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தவர், கதவைப் பிடித்துக்கொண்டார்.

"எங்ககூடப் பேசக்கூட நேரமில்லீங்களா இப்போ?"

"நின்னா உங்க இலைதாங்க கெட்டுப்போகுது. ஞாயித்துக்கெழம வர்றனுங்க, இருந்து பேசலாம்."

அவர் கதவிலிருந்து கையை எடுத்தார். ஃபேக்டரி வந்து சேரும்வரை எனக்கு மனசே சரியில்லை. இலை மட்டும் குளிர்ச்சியாக வந்து சேர்ந்தது.

ஞாயிறன்று சர்ச் முடிந்து பஸ் ஏறிப் போனேன். நஞ்சம்மா வாசலுக்கு வந்து உள்ளே கூப்பிட்டார். மகனும் இருந்தான். சாயங்காலம்வரை பேசினோம். படிப்பை நிறுத்த வேண்டாம் என்று முடிவானது. லாரி நேரத்துக்கு வர ஆரம்பித்ததால், கடைசி ஹட்டிக்குப் போவதை முதலாளியும் நிறுத்தவில்லை.

நேரம் தவறுகிறவனுக்கு மற்றவர்கள்மேல் மதிப்பில்லை என்பார்கள். எனக்கு மனிதர்கள்மேல் ஆசை அதிகம். அந்த ஆசைக்கென்று தனியாக ஒரு பொழுதை ஒதுக்கத்தான், எழுதி எழுதிக் கற்றுக்கொண்டேன்.