பெட்டி கட்டுபவரின் இடுப்பு

இடது முழங்காலை அட்டைப்பெட்டியின் மேல் ஊன்றி, கயிற்றின் ஒரு நுனியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மறுநுனியை இரண்டு கைகளாலும் இழுக்கிறார் சதக்கத்துல்லா. பெட்டி முனகுகிறது. அதைவிடச் சத்தமாக அவர் முனகுகிறார். “போர்வை ரெண்டு, டாங் பவுடர் ஆறு, பிள்ளைக்கு பொம்மை... ஓய், இதுக்குள்ள என்ன இரும்பு?” என்று பல்லிடுக்கால் கேட்கிறார். ஊருக்குப் போகிற ஆள் தலையைச் சொறிந்துகொண்டு, “இஸ்திரிப்பெட்டி காக்கா” என்று அண்ணன் முறை வைத்து ஒப்புக்கொள்கிறான். முடிச்சு விழுந்ததும் கயிற்றுக்குள் இரண்டு விரலை நுழைத்துத் தூக்கிப் பார்ப்பார். “முப்பத்தொண்ணரை. ஒண்ணரைக் கிலோவை எடுத்துக் கையில வெச்சுக்கோ.” தராசும் அதையே சொல்லும். சொல்லாவிட்டால் அவர் தராசைத்தான் தட்டிப் பார்ப்பார்.

ஜித்தாவில், ஷரஃபியாவின் நெரிசலான சந்து ஒன்றில், போர்வையும் பெட்டியும் விற்கிற கடை அது. பதினேழு வருடமாக அவர் அங்கே உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. கல்லாவுக்குப் பின்னால் ஒரு ஸ்டூல் உண்டு. அதன்மேல் டெலிபோன் உட்கார்ந்திருக்கும். போன் பேசும்போது ஒயர் போகிற தூரம்வரை நடப்பார், ஒயர் இழுத்ததும் திரும்புவார். தேநீரில் பாதியைக் கடைக்குள் குடித்துவிட்டு மீதியோடு எதிர்க் கடைக்குப் போய்விடுவார். பாங்கு சொன்னால் சந்திலேயே முதலில் இறங்குவது அவர் ஷட்டர்தான். தொழுகை முடிந்து முதலில் ஏறுவதும் அதுதான்.

அந்த நடையில் இரண்டு வருடமாக ஒரு தட்டல் சேர்ந்திருந்தது. இடது கால் தரையைத் தொட்டதும் சுட்டதுபோல எடுத்துக்கொண்டது. குற்றவாளி முதலில் ஏசி என்றார். பிறகு மெத்தை என்று மெத்தையை மாற்றினார். பிறகு செருப்பு என்று நான்கு ஜோடி மாற்றினார். குனிந்து காலுறை போட முடியாமல் போனபோது, ஜித்தா வெயிலுக்குக் காலுறை எதற்கு என்று சொல்லிவிட்டார். ஒருநாள் பெட்டியின்மேல் ஊன்றிய முழங்காலை அவரால் எடுக்க முடியவில்லை. கடையில் கூட வேலை பார்க்கும் இர்ஷாத்தும், பெட்டிக்குச் சொந்தக்காரனும் ஆளுக்கொரு கக்கத்தில் கைகொடுத்துத் தூக்கி நிறுத்தினார்கள். வேர்வை வழிய நின்றவர் இர்ஷாத்தைப் பார்த்து, “எத்தனை கிலோ ஓய்?” என்று கேட்டார்.

எகிப்து டாக்டர் எக்ஸ்ரேயை விளக்குப் பெட்டியில் மாட்டிக் காட்டினார். இடுப்புக்குள் பந்துபோல் வழவழப்பாக இருக்கவேண்டிய தொடை எலும்பின் தலை, அணில் கொறித்துப் போட்ட வாதுமைக்கொட்டைபோல் இருந்தது. அதை வெட்டி எடுத்துவிட்டு உலோகத்தில் பந்தும் கிண்ணமும் வைக்கவேண்டும் என்றார். ஒன்றரை மாதத்தில் கைத்தடியோடு நடக்கலாம், மூன்று மாதத்தில் கடைக்குப் போகலாம், முழங்கால் ஊன்றிப் பெட்டி கட்டுவதை மட்டும் மறந்துவிட வேண்டும் என்றார். எல்லாவற்றுக்கும் தலையாட்டிய சதக்கத்துல்லா, பக்கத்தில் நின்ற கோட்டயத்து நர்ஸ் லிஸ்ஸியிடம் ஒன்றே ஒன்றைக் கேட்கச் சொன்னார்: “தரையில உக்காந்து சாப்பிடலாமான்னு கேளும்மா.”

டாக்டர் தரையைச் சுட்டி விரலை ஆட்டினார். “மாஃபி. கலாஸ்.”

அதற்கு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கவில்லை.

மகள் ஜொஹராவுக்கு நிக்காஹ் நாள் குறித்தாகிவிட்டது. நான்கு மாதம் இருந்தது. காயல்பட்டினத்துக் கல்யாணத்தில் விருந்தை இலையில் போடுவதில்லை. சஹன் என்கிற அகலத் தட்டில் நெய்ச்சோறும் கறியும் குவித்து வைப்பார்கள். இரண்டு மூன்று பேர் அதைச் சுற்றித் தரையில் உட்கார்ந்து ஒரே தட்டில் கைபோட்டுச் சாப்பிடுவார்கள். பெண்ணின் வாப்பாவும் மாப்பிள்ளையின் வாப்பாவும் ஒரு சஹனில் உட்காருவதைத்தான் சதக்கத்துல்லா சம்பந்தம் என்று நினைத்திருந்தார். பந்தலின் ஓரத்தில் கிழவர்களுக்கும் சீக்காளிகளுக்கும் மேசை போட்டுத் தனித்தனிப் பிளேட்டில் பரிமாறுவார்கள். ஐம்பத்தொரு வயதில், தன் மகள் கல்யாணத்தில், அந்த ஓரத்தில் தான் உட்கார்ந்திருப்பதை நினைத்தாலே அவருக்குக் கால் நிற்காது. வலிக்கிற காலோடு எழுந்து நடக்க ஆரம்பித்துவிடுவார்.

“மேசையில வெச்சா சோறு எறங்காதா?” என்று ஊரிலிருந்து போனில் கேட்டாள் மனைவி உம்மு சல்மா.

“நீ சும்மா இரி. சம்மந்தி வூட்டுக்கு மூச்சு விட்டுறாதே.”

“நொண்டிக்கிட்டே வந்து எறங்குனா ஊருக்கே தெரியுமே?”

“நொண்ட மாட்டேன். அதுக்குத்தானே அறுக்கப் போறேன்?”

ரத்தம் கொடுக்க இரண்டு பேரைக் கூட்டிவரச் சொன்னது ஆஸ்பத்திரி. ஊர்க்காரர்களைக் கூப்பிட்டால் மாலைக்குள் சேதி ஊர் போய்ச் சேரும் என்று, பக்கத்துக் கடை வங்காளிகள் இருவரைக் கூட்டிப் போனார். கொடுத்து முடித்தவர்களுக்கு ஜூஸ் வாங்கித் தந்து, யாரிடமும் சொல்லக்கூடாது என்று இந்தியில் சத்தியம் வாங்கினார்.

அறுவைக்கு அன்று காலையில் லிஸ்ஸி வந்து, எந்தக் கால் என்று தெரிவதற்காக இடது தொடையில் மார்க்கர் பேனாவால் ஓர் அம்புக்குறி போட்டாள். சதக்கத்துல்லா எட்டிப் பார்த்தார். கோடு மெலிசாக இருந்தது. பதினேழு வருடமாகப் பெட்டிகளில் பெயர் எழுதுகிறவரால் அதைப் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. அவள் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியை எடுக்கத் திரும்பியதும் பேனாவைக் கைப்பற்றி, அம்புக்குறியைத் தடிமனாக்கி, அதன் கீழே தன் பெயரையும் இக்காமா என்கிற குடியிருப்பு அட்டையின் எண்ணையும் கொட்டை எழுத்தில் எழுதி, சுற்றிலும் கட்டம் போட்டுவிட்டார்.

“ஐயோ இக்கா, எந்தா இது!”

“மாறிப் போயிடக்கூடாது பாரு. ஏர்போர்ட்டுல எத்தனை பெட்டி மாறிப் போயிருக்கு தெரியுமா?”

பேனாவைப் பிடுங்கிக்கொண்டு அவள் போய்விட்டாள். அறுவை அறையில் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சால் பெயரையும் எண்ணையும் துடைத்தெடுக்கக் கால் மணி நேரம் ஆயிற்று. முதலில் டாக்டர் சிரித்துக்கொண்டிருந்தார், பிறகு கடிகாரத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார்.

முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள். இடுப்புக்குக் கீழே உடம்பு இல்லாமல் போயிற்று. பச்சைத் துணித் திரைக்கு அப்பால் தச்சுப் பட்டறைபோல் சத்தம் கேட்டது: ரம்பம், பிறகு சுத்தியல். ஒவ்வோர் அடிக்கும் அவர் தலை தலையணையில் அசைந்தது. வலி இல்லை. வலித்திருந்தால்கூடப் பரவாயில்லை, எழுந்து ஓடலாம் என்றாவது தோன்றியிருக்கும். வாழ்நாளில் முதல்முறையாக, நடந்துபோக முடியாத ஓர் இடத்தில் இருந்தார். விரல்கள் மட்டும் மேசையின் ஓரத்தில், இல்லாத கயிற்றில், ஓயாமல் முடிச்சுப் போட்டு அவிழ்த்துக்கொண்டிருந்தன. மயக்க டாக்டர் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டார். அவர் கையையும் சேர்த்து இரண்டு சுற்று கட்டிவிட்டார் சதக்கத்துல்லா.

வார்டில் கால்களுக்கு நடுவே முக்கோணத் தலையணை ஒன்றை வாரால் கட்டிவைத்தார்கள். மல்லாந்துதான் படுக்கவேண்டும். லிஸ்ஸி தினமும் பாடம்போல ஒப்பித்தாள்: “இக்கா, காலு மேல காலு வெக்கல்லே. குனியல்லே. முட்டு இடுப்பைவிட மேல வந்தா பந்து கழண்டு போகும். பின்னே மறுபடியும் ஆபரேஷன்.”

“உள்ளே வெச்சது எத்தனை கிலோ இருக்கும்?”

“ஒரு கிலோகூட காணாது.”

“அப்ப லக்கேஜில சேர்க்க மாட்டான்” என்றார்.

நடைவண்டி கொடுத்த அன்றே வராந்தாவை நான்கு முறை அளந்தார். ஐந்தாவது முறை பிலிப்பினோ பயிற்சியாளர் குறுக்கே நின்று, இது ரேஸ் இல்லை என்று திருப்பி அனுப்பினார். உட்கார வைத்தபோதெல்லாம் மற்ற நோயாளிகள் நடப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாருக்கு இடுப்பு, யாருக்கு முட்டி, யார் வலியை மறைக்கிறார், யார் பெரிதாக்குகிறார் என்று பெட்டியின் எடையைப்போலப் பார்வையாலேயே சொல்லப் பழகிவிட்டார்.

அறைக்குத் திரும்பிய மூன்றாம் வாரம் தன் சொந்த வைத்தியத்தைத் தொடங்கினார். கடைக்கு மேல் மாடியில் அவரும் இர்ஷாத்தும் தங்கும் அறை. பன்னிரண்டு போர்வைகளை மடித்து அடுக்கி, அதன்மேல் உட்கார்ந்தார். நாற்காலி உயரம் இருந்தது. நான்கு நாள் கழித்து ஒன்றை உருவினார். பிறகு இன்னொன்று. ஒரேயடியாகத் தரைக்குப் போனால்தானே பந்து கழலும், ஒவ்வொரு போர்வையாக இறங்கினால் இடுப்புக்கு எப்படித் தெரியும் என்பது அவர் வாதம்.

“டாக்டருக்குத் தெரிஞ்சா உங்களை அதே போர்வையில சுருட்டிப் போடுவார் காக்கா” என்றான் இர்ஷாத்.

“நீ உன் வேலையைப் பாரு ஓய்.”

ஐந்து போர்வைவரை இறங்கினார். நான்கில் தொடைக்குள் ஏதோ ஒன்று இழுத்துப் பிடித்தது. எழுந்து நின்றபோது காது அடைத்தது. மறுபடி ஐந்துக்கே வந்தார். இரண்டு வாரமாக ஐந்திலேயே நின்றார். ஊருக்குப் புறப்படும் நாள் நெருங்க நெருங்க, அந்த ஐந்து போர்வைகளைச் சுற்றிச் சுற்றி நடந்தார்.

அப்போதுதான் சம்மந்தியிடமிருந்து போன் வந்தது. ஜுபைலில் ஒரு கம்பெனி ஸ்டோரில் இருக்கும் செய்கு முகம்மது, உம்ராவுக்கு மக்கா வருகிறார். வெள்ளிக்கிழமை ஜும்ஆ முடிந்து ஜித்தாவுக்கு வந்து பார்த்துவிட்டுப் போவாராம்.

“சஹன் போட்டுருவோம்” என்று சொல்லிவிட்டார் சதக்கத்துல்லா. போனை வைத்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. வெள்ளிக்கிழமையும் வந்தது. இன்றைக்கு ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் கல்யாணத்திலும் உட்கார்ந்துவிடலாம் என்று இர்ஷாத்திடம் சொன்னார். இர்ஷாத் போர்வைகளைக் காலால் ஓரமாகத் தள்ளிவிட்டுத் தரையில் பிளாஸ்டிக் விரிப்பை விரித்தான்.

செய்கு முகம்மது மொட்டையடித்த தலையோடு வந்தார். நல்ல ஆகிருதி, வெள்ளை ஜிப்பா. கைத்தடி இல்லாமல் சுவரோரமாக நின்ற சதக்கத்துல்லா இரண்டு எட்டு வைத்துத் தழுவிக்கொண்டார். விரிப்பின் நடுவில் சஹன் ஆவி பறந்துகொண்டிருந்தது.

“உக்காருங்கோ சம்மந்தி.”

“நீங்க மொதல்ல உக்காருங்கோ.”

“விருந்தாளி நீங்கதானே?”

“பொண்ணுக்கு வாப்பா நீங்க. நீங்க உக்காராம நான் எப்படி?”

“வயசுல பெரியவங்க நீங்க.”

“என்ன, ரெண்டு வயசு இருக்குமா?”

இருவரும் நின்றார்கள். ஊர் மழையை விசாரித்தார்கள். ஜுபைல் வெயிலை விசாரித்தார்கள். மறுபடி ஒருவரையொருவர் உட்காரச் சொன்னார்கள். “சோறு ஆறுது” என்றான் இர்ஷாத்.

சதக்கத்துல்லா வலது கையால் அலமாரியின் விளிம்பைப் பிடித்தார். இதோ என்று மூச்சை இழுத்தவர், நிமிர்ந்து எதிரே பார்த்தார். செய்கு முகம்மதுவின் கையும் சுவரில் இருந்தது. செருப்பைக் குனியாமல் ஒரு காலால் மற்றதைத் தள்ளிக் கழற்றினார். உடம்பின் பாரம் முழுக்க இடது பக்கம் நின்றது. வலது முட்டி ஜிப்பாவுக்குள் கட்டையாக இருந்தது. உதட்டில் மட்டும் சிரிப்பு.

“உம்ராவுல கொஞ்சம் நடந்துட்டேன். வேற ஒண்ணுமில்லே” என்றார், யாரும் கேட்காமலே. பிறகு சுவரில் கையை அழுத்தி, பல்லைக் கடித்துக்கொண்டு இறங்க ஆரம்பித்தார். மொட்டைத் தலையில் வேர்வை அரும்பியது.

“நில்லுங்கோ சம்மந்தி.”

செய்கு முகம்மது பாதியில் நின்றார்.

“எனக்குத் தரையில உக்கார ஏலாது. இடுப்பை அறுத்து உள்ள இரும்பு வெச்சு ஈக்கிது. ஒம்பது வாரம் ஆச்சு. உங்க வூட்டுக்குத் தெரியாம மறைச்சுட்டேன்.”

 செய்கு முகம்மது சுவரைப் பிடித்தபடியே மெதுவாக நிமிர்ந்தார். நீளமாக மூச்சு விட்டார்.

“எந்தப் பக்கம்?”

“இடது.”

“எனக்கு வலது. முட்டி.” இர்ஷாத்தை ஒருமுறை பார்த்துவிட்டு, “மவனுக்குக்கூடத் தெரியாது” என்றார்.

இர்ஷாத் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டான். அவன் தோள் குலுங்குவதைப் பார்த்து முதலில் செய்கு முகம்மதுவுக்குத்தான் சிரிப்பு வந்தது. “போன வாரம் பூரா ராத்தூக்கமில்லே. உங்களோட சஹன்ல எப்படி உக்காரப் போறேன்னு” என்றார்.

“சிரிச்சது போதும் ஓய். ரெண்டு பெட்டியைப் போட்டு மேல பலகையை வை” என்று அதட்டினார் சதக்கத்துல்லா. உயரமான நாற்காலிகள் இரண்டு கீழே கடையிலிருந்து வந்தன. சஹன் பலகைக்கு ஏறியது.

“அப்ப கல்யாணத்துலயும் பந்தலோரம்தான்” என்றார் செய்கு முகம்மது, நாற்காலியில் காலை நீட்டிச் சாய்ந்தபடி.

“ஓரமா இருக்கட்டும். பிளேட் கிடையாது. ஒரு சஹன்தான்.”

பிஸ்மி சொன்னார்கள். செய்கு முகம்மது தன் பக்கத்துச் சோற்றில் கைவைத்தார். சதக்கத்துல்லா இன்னும் சாப்பிடத் தொடங்கவில்லை. கறிக் குவியலில் விரலால் தேடி, எலும்பில்லாத ஒரு பெரிய துண்டை எடுத்து, இரண்டாகப் பிய்த்து, இரண்டையும் சஹனின் குறுக்கே சம்மந்தியின் பக்கம் நகர்த்தி வைத்தார்.