நகக்குறி

சலீமைக் கொன்றது வேகம் அல்ல, நான்தான்!

திருமழிசை தொழிற்பேட்டையில் என் பட்டறை. பவர் கூட்டிய கார்களுக்கு ரோட்டுப் பிடிமானம் கூட்டித் தருவது என் தொழில். எஞ்சின் எத்தனை குதிரை இழுத்தாலும் ரோட்டைப் பிடிப்பது உள்ளங்கையகல ரப்பர்தான் என்று வருகிறவர்களுக்கெல்லாம் உபதேசம் செய்வேன். வாய்க்கொழுப்பு!

சலீம் பூந்தமல்லிக்காரன், இருபது வருட நண்பன். எஞ்சினுக்குப் பவர் கூட்டும் டர்போ மாட்டிய பிறகு அவன் காரின் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழன்றன. நல்ல டயர் கேட்டான். புதியது வர ஒரு மாதம் ஆகும். அவனுக்கு அவசரம்... இல்லை, அவன்மேல் ஏன் பழி போடுகிறேன்? அம்பத்தூரில் வேறு பட்டறைக்குப் போய்விடுவானோ என்ற வயிற்றெரிச்சல் எனக்கு.

இறுகிப்போன பழைய ரேஸ் டயர்கள் இரண்டு கிடந்தன. ரப்பரை இளக்கும் மருந்தைத் தடவி, பிளாஸ்டிக் தாளில் மூன்று நாள் சுற்றிவைத்தேன். தயாரித்த ஆண்டைச் சொல்லும் எண்ணைத் தேய்த்து அழித்தேன்.

ரப்பர் மெதுவா என்று அறிய, சலீம் டயரில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பார்த்தான். நகம் இறங்கியது.

"சோக்கா கீது மாமே! புத்சுதானே?"

"புத்சுதான்டா."

இளகியது மேல்தோல் மட்டுமே. பத்து நாளில் அது தேய்ந்து, உள்ளே கல்லாய் இறுகியிருந்த ரப்பர் வெளியே வந்தது. ஒரு நண்பகல், சிறு தூறல், பைபாஸ் வளைவு... அதற்குமேல் உங்களிடம் சொல்ல என்னால் முடியாது.

நொறுங்கிய வண்டியை அவன் மனைவி பர்வீன் என் பட்டறைக்கே கொண்டுவரச் செய்தாள். எஞ்சின் கணினியில் பதிவான வேகத்தைப் படித்தவன் நான் ஒருவனே. அறுபதைக்கூடத் தாண்டவில்லை.

"வேகமா போமாட்டேன்னு எங்கிட்ட சத்தியம் பண்ணாரு அண்ணே. டயர்ல எதுனா கோளாறா?"

சொல்லியிருக்கலாம்... சொல்லியிருக்கலாமே!

"டயர்ல ஒண்ணும் இல்லம்மா. வேகந்தான்."

அன்றிலிருந்து, சத்தியத்தை மீறியவன் என்று செத்தவனைத் திட்டித் திட்டி அழுகிறாள்.

அந்த டயர் என் பட்டறையில்தான் கிடக்கிறது. அதில் சலீமின் நகக்குறி இருக்கிறது. மேல்தோல் தேய்ந்தபோதே போயிருக்க வேண்டிய குறி! கிரைண்டரால் தேய்த்தேன். மறுநாள் காலை அதே இடத்தில், அதே பிறைவடிவில்... தொட்டால் அந்த இடம் மட்டும் இளகி, வெதுவெதுப்பாக இருக்கிறது. மனப்பிராந்தி என்பீர்கள். போன வாரம்வரை நானும் அப்படித்தான் நம்பினேன்.

போன வாரம் பர்வீன் வந்தாள். பேசிக்கொண்டே டயர்மேல் கைவைத்தவள், சட்டென்று குனிந்து பார்த்தாள்.

"இன்னாண்ணே இது... அவரு நகம் மாதிரியே கீது."

அவள் அந்தக் குழியைத் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள்.

"நானும் கார் ஓட்டக் கத்துக்கினேண்ணே. என் வண்டிக்கும் நீங்கதான் டயர் போட்டுத் தரணும். வேற யாரையும் நம்பமாட்டேன்."

"சரிம்மா" என்றேன்.