அக்காவுக்கு நடந்த நேர்முகத் தேர்வு

இன்று மருத்துவக் கல்லூரிக்கு ஆள் எடுப்பது சுலபம். நீட் மதிப்பெண், தரவரிசை, கலந்தாய்வு என்று எல்லாவற்றையும் கணினி பார்த்துக்கொள்கிறது. பிள்ளையின் முகத்தை யாரும் பார்க்க வேண்டியதில்லை. ஓய்வு பெறும்வரை இந்தச் சேர்க்கை விதிகளோடுதான் நான் குப்பை கொட்டினேன். எங்கள் அக்கா விண்ணப்பித்த காலத்திலோ முகத்துக்கும் மதிப்பெண் உண்டு. நேர்முகத் தேர்வு என்று அதற்குப் பெயர்.

பெரியநாயக்கன்பாளையத்தில் எங்கள் வீட்டாருக்குத் தெரிந்த நேர்முகத் தேர்வு பெண் பார்ப்பது ஒன்றுதான். ஆகவே அக்காவை அதற்கே தயார் செய்தார்கள். அம்மா அரக்குப் பட்டுப்புடவையை எடுத்து வைத்தாள். தாய்மாமா நாற்காலியில் சாய்ந்து தேர்வுக் குழுத் தலைவரானார்.

"ஏனம்மணி, கண்ணாலமானா படிப்பை உட்டுப்போடுவியா?"

"உட மாட்டேனுங் மாமா."

"அப்புடி வெடுக்குனு சொல்லப்படாது கண்ணு. பெரியவங்க சொல்றபடி கேக்கறேனுங்கன்னு சொல்லோணும். மறுக்காச் சொல்லு."

"உட மாட்டேனுங்."

மாமாவும் விடவில்லை, அவளும் விடவில்லை. காபிதான் ஆறிப் போயிற்று.

தேர்வன்று மாமாதான் எங்களைக் கோவைக்குக் கூட்டிப் போனார். பேருந்திலேயே அக்கா தன் மல்லிகைச் சரத்தை எடுத்து என் தலையில் வைத்துவிட்டாள். அவளை உள்ளே அழைத்ததும், பாதி திறந்திருந்த கதவருகே மாமா போய் நின்றார். அவர் வேட்டியைப் பிடித்துக்கொண்டு நான். தவளையின் இதயத்தைப் பற்றி ஏதோ கேட்டார்கள். பிறகு ஒருவர், "பொண்ணுங்களுக்குக் குடுத்தா கல்யாணம் பண்ணிக்கிட்டு வீட்டுல உக்காந்துக்கறீங்க. சீட்டு வீணாப் போகுதில்ல?" என்றார்.

அக்கா கதவுப் பக்கம் ஒருதரம் பார்த்தாள். "படிப்பை உடச் சொல்ற ஊட்டுக்கு நான் வாக்கப்படவே மாட்டேனுங்க. அது எந்தச் சொந்தமா இருந்தாலுஞ் சரிங்க" என்று வராந்தா முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

திரும்பி வந்ததும் மாமா வீட்டுக்குள் நுழையவில்லை. வாசலில் நின்றபடியே, "எம் பையனுக்கு வெளியில பாத்துக்கறேன் தங்கச்சி" என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். அம்மா உட்கார்ந்து அழுதாள். சீட்டு போய்விட்டதென்று அழுகிறாளாக்கும் என எண்ணி, "அழுவாதீங்கம்மா, அக்கா டக்கு டக்குனு பதில் சொன்னா" என்று தேற்றினேன். அழுகை கூடியது. அக்கா பட்டுப்புடவையை மாற்றிக்கொண்டு வந்து, தானே சோற்றைப் போட்டுச் சாப்பிட உட்கார்ந்தாள்.

சீட்டு கிடைத்தது. அவள் பிறந்தபோதே மாமா மகனுக்கென்று பேசி வைத்திருந்தது வெகுகாலம் கழித்துத்தான் எனக்குத் தெரிய வந்தது. அதுவரை, அவள் ஏன் அவ்வளவு உரக்கச் சொன்னாள் என்று யார் கேட்டாலும் என்னிடம் பதில் தயாராக இருந்தது: கேள்வி கேட்டவருக்குக் காது மந்தம்.