சிலுவையைத் தொட்டுச் சொன்ன பொய்

நான் பொய்ச்சத்தியம் செய்தவன். சிலுவையைத் தொட்டு, ஒரு குருவானவரின் முகத்தைப் பார்த்து, கூசாமல் செய்தேன்!

நீங்கள் என்னை வெறுக்கலாம். கேட்டுவிட்டு வெறுங்கள்.

ஐம்பதுகளின் கடைசி. முல்லைத்தீவில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தேன். ஆதிக் குருமார் நடந்த இடங்களைத் தேடி மன்னார், மாந்தை என்று அலைந்த முதிய சுவாமி ஒருவர் வந்து சேர்ந்தார். காட்டுவழி தெரிந்தவன் என்று ஊரார் என்னை அவரோடு அனுப்பினார்கள்.

அவர் தேடியது ஒரு கல்லை. ஒல்லாந்தர் எங்கள் கத்தோலிக்க வேதத்தைத் தடைசெய்திருந்த காலத்தில், மாறுவேடத்தில் வந்த குருவானவர் ஒருவர் முள்ளியவளைக்கு அப்பால் காட்டுக்குள் அதன்மேல்தான் பூசை வைத்தாராம். உயிருக்குத் துணிந்து அங்கே முழந்தாளிட்டவர்கள் என் முன்னோர். அந்த இடத்தை எங்கள் குடும்பத்தில் தகப்பன் மகனுக்கு மட்டுமே காட்டுவான். எனக்கும் காட்டப்பட்டிருந்தது.

வழியில் சுவாமி குதூகலமாகச் சொன்னார்: "கல்லு கிடைச்சால் கொழும்புக்குக் கொண்டு போவம், தம்பி. கண்ணாடிக்குள்ளை வைச்சால் உலகமே வந்து பாக்கும்."

எங்கள் கல்... கண்ணாடிக்குள்ளா?

பாதையை மாற்றினேன். பற்றைக்குள் இடிந்து கிடந்த பழைய நெற்களஞ்சியம் ஒன்றைக் காட்டினேன்.

"இதுதான் சுவாமி, அந்த இடம். கல்லு எப்பவோ உடைஞ்சு போச்சுது."

செபமாலையை நீட்டினார். "சிலுவையைத் தொட்டுச் சொல்லும்."

தொட்டேன். "சத்தியமா, சுவாமி."

அவர் அந்தச் செங்கற்களை முத்தமிட்டார்! "இதைக் காணத்தான் ஆண்டவர் என்னை இவ்வளவு காலம் வைச்சிருந்தவர்" என்று விம்மினார். நெல் கொட்டிய சுவரின் முன்னால்... அப்போதாவது வாயைத் திறந்தேனா? இல்லை. அவர் எழும்பக் கைகொடுத்தேன். அவ்வளவுதான்.

அடுத்த மாரிக்குள் அவர் இறந்துபோனார்.

கல் இன்றும் பாலை மரத்தடியில் இருக்கிறது. என் மகனுக்கும் காட்டிவிட்டேன். அதன்மேல் அவன் மெழுகுதிரி ஏற்றியபோது என் நெஞ்சு எப்படி விரிந்தது தெரியுமா! காத்தவன் நான். அந்தப் பெருமையை உங்களிடம் ஏன் மறைக்கவேண்டும்?

ஆனாலும் அந்த முதியவரின் விம்மல்... போன தபசு காலத்தில் தாங்கமுடியாமல் பங்குச் சுவாமியிடம் பாவசங்கீர்த்தனம் செய்யப் போனேன்.

"மனஸ்தாபப்படுறீரோ?"

"அவரை அழவைச்சதுக்கு ஓம், சுவாமி. பொய் சொன்னதுக்கு இல்லை. இன்னொருக்கால் கேட்டாலும் அதைத்தான் சொல்லுவன்."

"அப்ப நான் பாவமன்னிப்புத் தர ஏலாது."

எழும்பி வந்துவிட்டேன்.

இப்போது பூசையில் எல்லாரும் நற்கருணைக்கு எழும்பிப் போவார்கள். மன்னிப்புப் பெறாதவன் அதை வாங்கக்கூடாது; நான் கடைசி வாங்கில் தனியே இருப்பேன்... நிமிர்ந்துதான் இருப்பேன்!