எங்கள் செயலி காட்டிய பச்சை

கடந்த ஆண்டு சித்திரை மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை. நாகர்கோவில் கோட்டாறில், துணிக்கடை ஒன்றின் மாடியில் இருக்கும் சிறு மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை. மீனவர்களுக்கான செயலி ஒன்றை நடத்தி வந்தோம். அதில் இரண்டே தகவல்கள்: ஏலத்தில் மீன் விலை, அரசு தரும் கடல் எச்சரிக்கை. எச்சரிக்கை இருந்தால் சிவப்பு, இல்லையென்றால் பச்சை.

கடல் கொஞ்சம் மாறினாலும் கரை முழுவதும் ஒரே நேரத்தில் செயலியைத் திறக்கும். எங்கள் சர்வர் படுத்துவிடும். அதனால் மூன்று சர்வர்களை வைத்து, வருகிற கேள்விகளை அவற்றுக்குப் பிரித்துக் கொடுக்கும் லோடு பேலன்சரை முன்னால் நிறுத்தினேன். ஒருமுறை வந்த பதிலை நகலெடுத்து வைத்து, அடுத்தடுத்துக் கேட்பவர்களுக்கு அதையே கொடுக்கும் கேஷ் அமைப்பையும் சேர்த்தேன். மீன் ஏலம் காலையும் மாலையும்தான் என்பதால் நகலின் ஆயுள் ஆறு மணி நேரம். எச்சரிக்கைக்குத் தனி விதி எழுதியிருக்க வேண்டும். எழுதவில்லை. சோம்பல்தான், வேறு காரணம் கிடையாது.

அன்று நண்பகலில் அரசு கள்ளக்கடல் எச்சரிக்கை விட்டிருந்தது. வானம் தெளிந்து, காற்றும் இல்லாதபோது திடீரென்று அலை எழுந்து கரையேறுவதை இங்கே அப்படிச் சொல்வார்கள். கண்ணால் பார்த்து அதைக் கண்டுபிடிக்க முடியாது. இராஜாக்கமங்கலம் பக்கத்து ஊரொன்றில், மீன்பிடி வள்ளங்கள் கடலில் இறங்குமுன் மாதா கோயில் கமிட்டிக்காரர் எங்கள் செயலியைப் பார்த்து மைக்கில் வாசிப்பது வழக்கம். இரண்டு மணிக்கு அவர் என்னை அழைத்தார்.

"மக்கா, டிவியில செவப்புன்னு சொல்லுகான். ஒங்க ஆப்புல பச்சையா கெடக்கு. எது உள்ளது, எது பொய்?"

சர்வர்கள் சீராக ஓடிக்கொண்டிருந்தன. செயலியைத் திறந்தேன், பச்சை. காலையில் எடுத்த அதே நகல்தான் என் கைப்பேசிக்கும் வரும் என்பது எனக்குத் தோன்றவில்லை.

"நம்ம ஆப்பு சரிதான் அண்ணே. டிவிக்காரன் பழச போட்டிருப்பான்" என்றேன். அவர் பச்சை என்று வாசித்தார்.

மூன்று மணிக்கு ஏதோ உறுத்த, அரசின் இணையப் பக்கத்தைத் திறந்தேன். சிவப்பு. நகலை அழித்துவிட்டுக் கமிட்டிக்காரரை அழைத்தபோது மூன்று வள்ளங்கள் இறங்கியிருந்தன. கரையில் நின்றவர்கள் கைகாட்டித் திருப்பியதில் இரண்டு கரை சேர்ந்தன. மூன்றாவது வள்ளம் அலையில் கவிழ்ந்தது. அதிலிருந்த நால்வரும் நீந்தி வந்தார்கள். ஒருவருக்குத் தோள் எலும்பு முறிந்திருந்தது.

நான் பைக்கில் போய்ச் சேர்ந்தபோது, தோள் முறிந்தவர் கையைத் துண்டால் கட்டி, ஆட்டோவுக்காக மணலில் உட்கார்ந்திருந்தார். மீன் விற்கும் அவர் மனைவி பக்கத்தில் நின்றார்.

"நீருதானா ஆப்புக்காரன்?" என்றார். "வானத்தப் பாத்துப் போயிருந்தா வானத்த ஏசுவேன். மைக்கக் கேட்டுப் போனாரு. மைக்குக்காரரு ஒம்மட்ட கேட்டாரு. நீரு ஆருட்ட கேட்டீரு?"

யாரிடமும் கேட்கவில்லை. கேட்காமல் இருப்பதற்காகவே அந்த அமைப்பைக் கட்டியிருந்தேன்.

மறுநாள் மேலாளர் அறிக்கை தயாரித்தார். 'சேவை ஒரு நிமிடமும் தடைபடவில்லை' என்பது முதல் வரி. தவறான பதிலைத் தடையில்லாமல் கொடுத்தோம் என்று அடுத்த வரியாகச் சேர்த்தேன். நீக்கிவிட்டார்.

"ஆளு ஒண்ணும் சாவலேல்லா, பொறவு என்ன?" என்றார்.

அன்று மாலையே மறுபடியும் அந்த ஊருக்குப் போனேன். டிவி சொன்னதே சரி, தவறு எங்களுடையது என்று அறிவிக்கச் சொன்னேன். கமிட்டிக்காரர் மைக்கை என் பக்கம் தள்ளினார். "நான் வாசிச்சது போதும். நீரே சொல்லும்." சொன்னேன்.

இப்போது எச்சரிக்கைக்கு நகல் கிடையாது. ஒவ்வொரு முறையும் அரசின் பக்கத்தில் கேட்டுவிட்டுத்தான் வருகிறது, கொஞ்சம் மெதுவாகத் திறக்கிறது. மேலாளருக்கு அதில் வருத்தம். அவர் மேலும் என் மேலும் எனக்கிருக்கும் கோபம் ஆறவில்லை. ஆறவும் வேண்டாம். எது உள்ளது என்று யாராவது கேட்டால், என் முன்னால் இருக்கும் திரையை மட்டும் பார்த்து நான் பதில் சொல்வதில்லை.